பொட்டுக்கு அடியில் இருந்த எண்

கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்ற எனக்குப் பயம். பதினோரு வருஷமாக ஒரே பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறேன். இன்றைக்கும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. தைரியமாக இருந்தது போல எழுத எனக்கு வராது. பயந்ததைப் பயந்ததாகவே எழுதுகிறேன்.

கச்சிராயப்பாளையத்தில், மலைக்குப் போகிற பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் என் கடை. எட்டடிக்குப் பத்தடி. ஒரு கம்ப்யூட்டர், ஸ்கேனரோடு சேர்ந்த ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். சாதிச் சான்று, பட்டா, முதியோர் பென்ஷன், காலேஜ் அப்ளிகேஷன் எல்லாம் ஆன்லைனில் போட்டுக் கொடுப்பேன். கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர்கள் காலை பஸ்ஸில் இறங்கி, கடை வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருவார்கள். செருப்போடு வாருங்கள், இது கோயில் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வருஷம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் புரியாது.

மலையிலிருந்து ஓர் அம்மா தன் பெரிய பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிளஸ் டூ முடித்த பெண். கலந்தாய்வுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று வரிசை போட வேண்டும். கடைசி நாள். மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து நாற்பது கல்லூரி வரிசை போட்டோம். என் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பக்கத்தையும் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் சோறு வடித்துவிடலாம். அந்த வெப்சைட்டோ, கொஞ்ச நேரம் நம்மிடமிருந்து சத்தமில்லை என்றால் ஆள் போய்விட்டான் என்று நினைத்து வெளியே தள்ளிவிடும். நாலு தடவை தள்ளியது. நாலு தடவையும் முதலிலிருந்து போட்டோம். ஐந்தாவது தடவை ‘சேமி’ என்பதை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் மவுஸ் நின்றது, திரை நின்றது, எல்லாம் நின்றது. அணைத்துப் போட்டு அது மறுபடி கண் விழிப்பதற்குள் ஐந்து மணி தாண்டிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு கல்லூரிகூட ஏறவில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. “உன் மேல தப்பு இல்ல தங்கச்சி. பொட்டி பழசு,” என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தப் பெண் இப்போது காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறாள்.

இந்த வருஷம் ஆடி பிறந்த வாரத்தில் அதே அம்மா மறுபடி வந்து நின்றாள். இந்த முறை சின்னப் பெண். இதுவும் பிளஸ் டூ.

“அக்கா, நீங்க கள்ளக்குறிச்சிக்குப் போயிடுங்க. அங்க நல்ல மிஷின் வெச்சிருக்காங்க,” என்றேன்.

“போனேன். ஒரே கூட்டம். நாம ஒண்ணு சொல்றதுக்குள்ள அவன் ஒண்ணு அமுக்கிடறான். நமக்கு இன்னா கேக்கறதுன்னும் தெரியாது. நீயே போடு.”

“போன வருசம் ஆனது மாதிரி ஆனா?”

“அதான் நீ இந்த வருசம் பாத்துப் போடுவ.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பொறுப்பை யார் கேட்டது? ஃபோனில் போடலாம் என்றால் அந்த வெப்சைட் ஃபோனில் பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாமே என்று கேட்கிறவர்கள் வாங்கிக் கொடுக்கலாம். வரிசை போட மூன்று நாள் கொடுத்திருந்தார்கள், திங்கள் முதல் புதன் வரை. அதற்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பெரிய ஆபீஸ்களில் கழித்துப்போட்ட மெஷின்களை வாங்கிப் பிரித்து விற்பார். பிராசஸர்களை முட்டை வைக்கிற அட்டைத் தட்டில் குழிக்கு ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார். என் போர்டின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். போர்டு என்றால் பெட்டிக்குள் எல்லாவற்றையும் தாங்கி நிற்கிற பச்சை அட்டை. பிராசஸர் அதன் நடுவில் ஒரு சதுரக் குழியில் உட்கார்ந்திருக்கும்.

“உன் மிஷின்ல நெட்டு ஸ்லோ இல்லக்கா. மூளை ஸ்லோ,” என்றார். “ரெண்டாம் தலைமுறை டூயல் கோர் போட்டுக்கினு இந்தக் காலத்து வெப்சைட்ட தொறந்தா அது இன்னா பண்ணும் பாவம்.”

“பாவம் பாக்கறதுக்கு நான் வரல. இதுக்கு எது ஏறும்னு சொல்லு.”

தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். “மூணாம் தலைமுறை. நாலு கோர். ரெண்டாம் தலைமுறைக்கும் மூணாம் தலைமுறைக்கும் குழி ஒண்ணுதான். ஆயிரத்து நூத்தி அம்பத்தஞ்சு கம்பி. கண்ண மூடிக்கினு போடு.”

“கண்ண மூடிக்கினு போட்டா கம்பி வளைஞ்சிடாதா?”

“அப்ப ஒரு கண்ணத் தொறந்துக்கோ.”

வந்து போட்டுக் கொடு என்று கேட்டேன். கையில் வேலை இருக்கிறது, வர ஒரு வாரம் ஆகும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா என்றார். ஆடி மாதத்து பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பள்ளத்துக்குப் பள்ளம் குதித்து வருவதை நினைத்தேன். நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீறாப்பு. வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு பெட்டியை மேஜையில் படுக்கவைத்தேன். என் வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். அவர் லோடு வேன் ஓட்டுகிறவர். மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம், கடுக்காய் எது கிடைத்தாலும் இறக்குவார். எஞ்சினைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டுகிற மனிதர். ஆனால் என் கம்ப்யூட்டரைத் திறந்தால் எட்டடி தள்ளித்தான் நிற்பார்.

நிலை மின்சாரம் உடம்பில் இருந்தால் பிராசஸர் போய்விடும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டு வேலை செய்தேன். ஃபேனைக் கழற்றி, பிராசஸரை அழுத்திப் பிடித்திருக்கிற நெம்புகோலைத் தூக்கி, பழைய பிராசஸரை எடுத்தேன். குழிக்குள் பார்த்தால் கம்பிகள் எறும்பு வரிசை மாதிரி நெருக்கமாக நிற்கின்றன. ஒன்று சாய்ந்தாலும் போர்டு குப்பைக்குத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு புதியதை வைத்தேன். நெம்புகோலை இறக்கும்போது ‘நறநற’ என்று ஒரு சத்தம் வந்தது. எல்லாம் உடைந்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் விட்டுவிட்டேன். அப்படித்தான் சத்தம் வரும் என்று ரிப்பேர்காரர் சொல்லவே இல்லை. பயந்து பயந்துதான் மீதியை இறக்கி ஃபேனை மாட்டினேன்.

சுவிட்ச் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. அணைத்துப் போட்டேன். கறுப்பு. ரேமைக் கழற்றி மாட்டினேன். கறுப்பு.

“எர்த்து போவலயா?” என்றார் வீட்டுக்காரர்.

“டார்ச்ச நேரா புடி.”

“நேராத்தான் புடிச்சிக்கினு இருக்கறேன். உன் கைதான் ஆடுது.”

பழைய பிராசஸரைத் திரும்ப மாட்டுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. மாட்டியதும் பீப் என்ற சத்தத்தோடு திரை வந்தது. அந்த மெதுவான, கேடுகெட்ட பழைய மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ரிப்பேர்காரருக்கு ஃபோன் போட்டேன்.

“ஓ, அப்ப பயாஸ் பழசா இருக்கும்க்கா,” என்றார், காய்ச்சலுக்கு மாத்திரை சொல்வது போல. “பயாஸ அப்டேட் பண்ணிட்டுப் போடு. ஏறிடும்.”

“இத நேத்து சொல்றதுக்கு இன்னா?”

“நீ கேக்கல.”

மூன்று நாள் ஃபோனிலேயே படித்தேன். பயாஸ் என்பது போர்டில் ஒட்டியிருக்கிற ஒரு சின்னச் சில்லில் எழுதி வைத்திருக்கும் ஆரம்பப் புத்தி. கரண்ட் வந்ததும் முதலில் கண் விழிப்பது அதுதான். எந்தெந்த பிராசஸரை உள்ளே விடலாம் என்கிற பட்டியல் அதனிடம் இருக்கிறது. என் போர்டுக்கு எழுதிய பட்டியலில் மூன்றாம் தலைமுறை இல்லை. குழி ஒன்றாக இருந்தாலும் உள்ளே வருகிறவரை அதற்கு அடையாளம் தெரியவில்லை. புதுப் பட்டியலை எழுத வேண்டும் என்றால் கம்பெனி தருகிற ஒரு ஃபைலை அந்தச் சில்லில் ஏற்ற வேண்டும். நாலு நிமிஷ வேலை. அந்த நாலு நிமிஷத்தில் கரண்ட் போனால் சில்லில் பாதிப் புத்தியோடு போர்டு செத்துவிடும். தப்பான ஃபைலை ஏற்றினாலும் செத்துவிடும்.

இது ஆடி மாதம். மலையிலிருந்து காற்று இறங்கினால் எங்கள் லைனில் ஏதாவது ஒரு கிளை விழும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போகிறது என்று எண்ணுவதை நாங்கள் விட்டுவிட்டோம்.

சரியான ஃபைல் எது என்பது அடுத்த தொல்லை. ஒரே பெயரில் அந்த போர்டை இரண்டு பதிப்பாக வெளியிட்டிருக்கிறார்கள். பதிப்புக்கு ஒரு ஃபைல். என்னுடையது எந்தப் பதிப்பு என்று கம்ப்யூட்டரிடமே கேட்கலாம் என்று படித்து, கேட்டேன். எண் வர வேண்டிய இடத்தில் ‘எக்ஸ் புள்ளி எக்ஸ்’ என்று பதில் சொன்னது. தன் பதிப்பு என்ன என்று அதற்கே தெரியவில்லை. போர்டின் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கும், அதைப் பார் என்று போட்டிருந்தது.

பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தேன். அந்த மூலையில் சந்தனமும் குங்குமமும் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பாறை மாதிரி இறுகிக் கிடந்தன.

எங்கள் வீட்டு ஆயுத பூஜை வழக்கம் அது. என் வீட்டுக்காரர் வேனுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அதே கையோடு என் கடைக்கு வந்து, பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே பச்சை அட்டையில் ஒரு பொட்டு வைப்பார். வருஷா வருஷம் அதே இடம். போன வருஷத்துப் பொட்டின் மேலேயே இந்த வருஷத்துப் பொட்டு. பெட்டியைத் திறந்து கொடுத்தவள் நான்தான். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்தால் நல்லது என்று எனக்கும் எண்ணம்.

அன்று மத்தியானம் சாப்பிட வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

“இந்த எடத்துல எதுக்குய்யா வெச்ச?”

“வேற எங்க வெக்கறது? மத்த எடமெல்லாம் முள்ளும் கம்பியுமா இருக்குது. இங்கதான் வெரல் வெக்கற அளவுக்குக் காலியா இருந்துச்சி.”

“மேல டப்பாவுல வெச்சா ஆவாதா?”

“வண்டிக்கு எங்க வெக்கறேன்? முன்னாடி கண்ணாடியிலயா? எஞ்சின்லதானே வெக்கறேன். டப்பாவுக்கு வெச்சா டப்பாதான் ஓடும்.”

“எஞ்சினுக்கு வெச்சியே, ஓடிச்சா?”

“பதினோரு வருசம் ஓடலியா?”

அதைக் கேட்டுக் கோபம் இன்னும் ஜாஸ்தியானது. சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்பை நீயே ஊற்றிக்கொள் என்று வந்துவிட்டேன்.

மெடிக்கல் கடையில் ஸ்பிரிட் வாங்கி, பஞ்சில் நனைத்து அந்தப் பொட்டின் மேல் வைத்து ஊறவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு கரைந்து வந்தது. மேல் அடுக்கு, அதற்குக் கீழே மஞ்சள் அடுக்கு, அதற்குக் கீழே மறுபடி சிவப்பு. நகத்தால் பெயர்க்கவும் பயம். பச்சை அட்டையில் தலைமுடி மாதிரி ஓடுகிற கோடுகள்தான் அதன் நரம்பு. ஒன்று கீறினால் முடிந்தது. பஞ்சு, ஊறல், துடைப்பு, மறுபடி பஞ்சு. தூளெல்லாம் உதிர்ந்து போர்டு முழுக்கச் சிதறியது.

நான் இப்படி உட்கார்ந்திருந்தபோது மலை பஸ் வந்து நின்றது. அந்த அம்மா சின்னப் பெண்ணின் மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வந்தாள். ஸ்கேன் எடுக்க நான்தான் வரச் சொல்லியிருந்தேன். மறந்துவிட்டேன். மேஜையைப் பார்த்தாள். திறந்து கிடக்கிற பெட்டி, கழற்றிய ஒயர்கள், சிவந்த பஞ்சு.

“செத்துப்போச்சா?” என்றாள்.

“இல்லக்கா.”

“பின்ன எதுக்கு அறுத்துப் போட்டிருக்க?”

“சரி பண்ணிக்கினு இருக்கறேன்.”

“ரத்தம் மாதிரி இருக்குது பஞ்சு.”

“குங்குமம்.”

கவரை மேஜையில் வைக்கப் போனவள், வைக்காமல் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள். அதை நான் பார்த்துவிட்டேன். அவளுக்கும் பயம் வந்துவிட்டது. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். கீழே போகிற பஸ் வந்தும் ஏறவில்லை, மேலே போகிற பஸ் வந்தும் ஏறவில்லை.

பொட்டு முழுவதும் போய்விட்டது. அடியில் எழுத்து இருந்தது. ‘ரெவ்’ என்ற முதல் மூன்று ஆங்கில எழுத்து நன்றாகத் தெரிந்தது. புள்ளிக்கு முன்னால் இருக்கிற எண் மட்டும் இல்லை. சுண்ணாம்பு கலந்த குங்குமமோ என்னவோ, அந்த இடத்தில் அச்சை அரித்துத் தின்றிருந்தது. ஒன்றாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று என்று நினைத்துப் பார்த்தால் ஒன்று தெரிந்தது. இரண்டு என்று நினைத்துப் பார்த்தால் இரண்டு தெரிந்தது.

ரிப்பேர்காரருக்குப் படத்தை அனுப்பிவிட்டுப் பேசினேன்.

“எதுனா ஒண்ண ஏத்துக்கா. ரெண்டுல ஒண்ணு புடிச்சிக்கும்.”

“புடிக்கலன்னா?”

“போர்டு போவும். அவ்ளோதான். என்னாண்ட வேற போர்டு வருதான்னு பாக்கலாம்.”

“எப்ப வரும்?”

“வரும்போது வரும்.”

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஃபோனை வைத்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு அது ஒரு போர்டு. எனக்கு வாசலில் உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி.

ஏற்றாமல் விட்டால் பழைய மெஷின். போன வருஷம் நடந்தது நடக்கும். ஏற்றினால் பாதிக்குப் பாதி செத்துப்போகும். இந்த இரண்டும் நடக்காது என்று அடித்துச் சொல்லக்கூடிய வழி ஏதாவது உண்டா என்று தேடினேன். இருந்த பயத்தில் தலை வேலை செய்யவில்லை. சும்மா இருக்கக்கூடாது என்று கம்பெனியின் வெப்சைட்டில் அந்த இரண்டு பதிப்புக்கும் எந்தெந்த பிராசஸர் ஏறும் என்கிற பட்டியலை ஃபோனில் திறந்து, ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு பிராசஸருக்கும் நேராக, அது பயாஸின் எந்த வெர்ஷனிலிருந்து ஏறும் என்று போட்டிருந்தது. மூன்றாம் தலைமுறைக்கெல்லாம் பின்னால் வந்த வெர்ஷன்கள். முதல் பதிப்பில் ஒன்று, இரண்டாம் பதிப்பில் வேறொன்று.

அப்படியே மேலே போனேன். இரண்டாம் தலைமுறையிலேயே நாலு கோர் உள்ள ஒன்று இருந்தது. என் பழைய டூயல் கோருக்கு அண்ணன். அதற்கு நேராக, முதல் வெர்ஷனிலிருந்தே ஏறும் என்று போட்டிருந்தது. இரண்டாம் பதிப்பின் பட்டியலைப் பார்த்தேன். அங்கேயும் முதல் வெர்ஷன்.

நோட்டை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். பொட்டுக்கு அடியில் இருந்த எண் எதுவாக இருந்தாலும் சரி, இந்த பிராசஸருக்கு அது தேவையே இல்லை. பயாஸைத் தொட வேண்டாம். மூன்றாம் தலைமுறை அளவுக்கு வேகம் இல்லை, கொஞ்சம் கம்மிதான். இருக்கட்டும். ஆனால் ஒன்று, சூடு ஜாஸ்தி. என் பழைய பிராசஸரின் ஃபேன் தட்டையாக, வெறும் அலுமினியத்தில் இருந்தது. இதற்கு அது தாங்காது, நடுவில் செம்பு வைத்த உயரமான ஃபேன் வேண்டும் என்று படித்தேன். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

“அக்கா, திங்கக்கெழம மொத பஸ்ஸுல வாங்க,” என்றேன் வாசலில் இருந்தவளிடம். “மார்க் ஷீட்ட நீங்களே வெச்சிக்கோங்க.”

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கள்ளக்குறிச்சியில் ரிப்பேர்காரர் சிரித்தார். “புதுச குடுத்துட்டு பழச கேக்கறியேக்கா. ஊர்ல எல்லாரும் மூணுக்குப் போறாங்க, நீ ரெண்டுக்கு வரியே.”

“எனக்கு ஏறணும். அவ்ளோதான்.”

“பயந்துக்கினியா?”

“ஆமா, பயந்துக்கினேன். செம்பு வெச்ச ஃபேனோட குடு. வெள்ளப் பசையும் குடு.”

தட்டின் அடி வரிசையில் கிடந்தது. ஏதோ ஓர் ஆபீஸ் மெஷினில் இருந்து பிடுங்கியதாம். பேப்பரில் மடித்துக் கொடுக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லி, நான் கொண்டுபோயிருந்த மூக்குக் கண்ணாடிப் பெட்டியில் துணியைப் போட்டு அதில் வைத்து மூடி, பஸ்ஸில் வழியெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் என்ன நகையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை மறுபடி கதவைச் சாத்தினோம். பழைய பிராசஸரை எடுத்ததும் குழியின் இரும்பு விளிம்பில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று உள்ளே விழுந்தது. விழுவதைக் கண்ணால் பார்த்தேன். டார்ச் அடித்தால் கம்பிகளுக்கு நடுவில் சிவப்பாக ஒரு தூள். கடுகில் பாதி. அன்று நான் கரைத்துச் சிதறவிட்ட குங்குமம்.

ஊதலாம் என்றால் எச்சில் தெறிக்கும். ஊசியால் எடுக்கலாம் என்றால் கம்பி வளையும். டேப் ஒட்டி எடுக்கலாம் என்றால் கம்பியும் சேர்ந்து வரும். பஞ்சு என்றால் இழை மாட்டிக்கொள்ளும். அந்தத் தூளோடு பிராசஸரை வைத்து அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே முடியவில்லை.

வீட்டுக்காரர் அந்த எட்டடியைத் தாண்டி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

“கவுத்துடலாம்,” என்றார்.

“எத?”

“பொட்டிய. காத்து வேணாம், ஊசி வேணாம். தலைகீழா புடிச்சா தானா விழும். கார்புரேட்டர்ல மண்ணு விழுந்தா அப்படித்தான் பண்ணுவோம்.”

“கைய வுட்டுட்டீன்னா?”

“மூட்டை தூக்கற கை இது.”

தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தேன். அவர் பெட்டியைத் தூக்கி, மெல்லத் தலைகீழாகத் திருப்பி, தாளுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. நான் பின்பக்கத் தகட்டை விரல் நுனியால் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. மறுபடி தட்டினேன். மூன்றாவது தடவை வெள்ளைத் தாளில் ஒரு சிவப்புப் புள்ளி. அதன் பிறகும் இன்னும் இரண்டு தடவை தட்டினேன், வேறு எதுவும் விழவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் தாளைப் பார்த்தார்.

“இனிமே டப்பாவுலயே வெச்சிடறேன்,” என்றார்.

பிராசஸரை வைத்தேன். நெம்புகோல் நறநற என்றது. இந்தத் தடவை பாதியில் விடவில்லை, ஒரே மூச்சில் முழுக்க இறக்கினேன். சூட்டை ஃபேனுக்குக் கடத்துகிற வெள்ளைப் பசை அரிசி அளவு, அதன் மேல் செம்பு ஃபேன், நாலு மூலையிலும் நாலு ‘டக்’. சுவிட்ச் போட்டேன். ஃபேன் சுற்றியது. இரண்டு எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. எல்லாம் நின்றுவிட்டது. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். யாரும் தொடாமலே மறுபடி ஃபேன் சுற்றியது. பீப். திரை வந்தது. பிராசஸரின் புதுப் பெயர் அதில் இருந்தது. புது ஆள் வந்தால் சில போர்டுகள் ஒருமுறை தானே அணைந்து எழுந்திருக்கும் என்று அப்புறம்தான் படித்தேன். முன்னாலேயே தெரிந்திருந்தால் அந்த மூன்று நொடியில் என் ஆயுசு குறைந்திருக்காது.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அம்மாவும் சின்னப் பெண்ணும் வந்தார்கள். காற்று நன்றாக அடித்தது. என் யூ.பி.எஸ்ஸின் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கிறது, கரண்ட் போனால் ஒரு நிமிஷம் நிற்காது. வீட்டுக்காரர் அன்றைக்கு லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வேன் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து இரண்டு ஒயரில் யூ.பி.எஸ்ஸோடு சேர்த்திருந்தார். நெட் என் ஃபோனிலிருந்து. பேட்டரி இல்லாத வேன் கடைக்கு முன்னால் நின்றது.

அந்தப் பெண் ஒவ்வொரு கல்லூரியாகச் சொன்னாள். ஏற்கெனவே நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். காப்பித் தோட்டத்தில் தங்கி வேலை செய்கிற அக்காவிடம் ஃபோனில் கேட்டு எழுதினாளாம். பக்கங்கள் திறந்தன. சொன்னதும் திறந்தன. முப்பத்தைந்தாவது கல்லூரியில் கரண்ட் போனது. லைட் அணைந்தது, மேலே ஃபேன் நின்றது, யூ.பி.எஸ் கீச்கீச் என்று கத்த ஆரம்பித்தது. பெண் எழுந்து நின்றுவிட்டாள். அம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“உக்காரு,” என்றேன். “அடுத்தது சொல்லு.”

என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. பெண் சொன்னாள். நான் போட்டேன். நாற்பது. சேமி. வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ‘பதிவானது’ என்று வந்தது. வெளியே போய் மறுபடி உள்ளே வந்து பார்த்தேன். நாற்பதும் இருந்தன. யூ.பி.எஸ் கத்திக்கொண்டே இருந்தது.

கரண்ட் வந்த பிறகு மூன்று பிரதி அடித்துக் கொடுத்தேன். அம்மா அதை நாலாக மடிக்கப் போனாள். மடிக்காதீர்கள் என்று கவரில் போட்டுக் கொடுத்தேன். போகாமல் நின்றாள்.

“பெரியவளுக்கும் இதுல போட முடியுமா தங்கச்சி?”

பெண் தரையைப் பார்த்தாள்.

“இந்த வருசம் முடியாதுக்கா. அப்ளிகேஷன் தேதியே முடிஞ்சிபோச்சி. அடுத்த வருசம் போடலாம்.”

“அது வரைக்கும் இந்தப் பொட்டி இருக்குமா?”

இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கு நிம்மதி. எனக்கு வாய் வரவில்லை.

“தெரியாதுக்கா. அவ மார்க் ஷீட்ட இப்பவே குடுத்தனுப்புங்க. எல்லாத்தையும் எடுத்து வெச்சிடறேன். பொட்டி போனாலும் அது போவாத எடத்துல வெக்கறேன்.”

மலை பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பெரியவளின் மார்க் ஷீட். ஒரு வருஷம் எங்கோ மூட்டைக்கு அடியில் கிடந்து ஓரம் மஞ்சளாகியிருந்தது. அதை ஸ்கேனரில் வைத்து மூடினேன். கம்ப்யூட்டரின் சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. பீப் சத்தம் வரும்வரை நான் மூச்சு விடவில்லை.